மேலே கேபினில் இருந்தவன்

ஐப்பசி 9, ஞாயிறு

புஜ்ஜி, காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. உன் கம்பெனி கொடுத்த டைரியில்தான் எழுதுகிறேன். நீ ஒரு பக்கம்கூட எழுதவில்லை. முதல் பக்கத்தில் பெயர், பிளட் குரூப். அவ்வளவுதான். அஞ்சாவது வரை படித்தவள் எழுதுவது. தப்பு இருந்தால் சிரிக்காதே.

யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தால் அழப்போகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வருகிறார்கள். அழுகை வரவில்லை. எரிகிறது. அதை எங்கேயாவது கொட்ட வேண்டும்.

செய்ய வேண்டியது: ரேஷனில் பாமாயில். பின்பக்க ஷீட்டில் ஒழுகும் இடத்துக்குத் தார். உன் ஷூவை யாருக்காவது கொடுப்பது. கொடுக்க மாட்டேன்.

மத்தியானம் முரளி வந்தான். நீ போனதிலிருந்து எனக்குச் சோறு கொண்டுவந்து வைக்கிறவன் அவன்தான். என் அண்ணன் பெற்றது, எனக்கு இன்னொரு பிள்ளை. நீ கீழே நின்று கம்பிக் கட்டுக்குக் கொக்கி மாட்டிக் கை காட்டுவாய், அவன் மேலே கேபினில் உட்கார்ந்து கிரேனைத் தூக்குவான். மச்சானும் மச்சானும் ஒரே ஷிஃப்ட். நீ போன அன்றைக்குப் பார்த்து அவனுக்கு லீவு. மேலே இருந்தது அந்த ஒரிசாக்காரன் பப்லு. நீ கையை எடுப்பதற்குள் தூக்கிவிட்டான். கட்டு ஆடி வந்து உன்னைச் சுவரோடு வைத்து அடித்தது. முரளி இருந்திருந்தால் நீ இருப்பாய் என்று ஊரே சொல்கிறது. பப்லு அன்றைக்கே ஓடிவிட்டான்.

முரளியோடு அவன் இயக்கத்துத் தலைவரும் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு. நாற்காலியின் ஈரத்தை அவர் ஆள் துடைத்த பிறகுதான் உட்கார்ந்தார். வருகிற ஞாயிறு பஜாரில் உனக்கு நினைவேந்தல் கூட்டமாம். வடக்கன் வருவதை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போடுவார்களாம். நான் மேடை ஏற வேண்டுமாம்.

"ரெண்டு வார்த்த பேசினா போதும்மா. உங்க வயிறு எரியறத ஜனங்க பாக்கணும்."

பேசுகிறேன் என்றேன். பப்லுவைப் பிடித்தால் என் கண்ணில் காட்டிவிட்டு அப்புறம் போலீசில் கொடுங்கள் என்றேன். தலைவர் முரளியைப் பார்த்தார். முரளி சொன்னான்: "போலீஸா? நம்ம பசங்க பாத்துக்குவாங்க அத்தை."

நீ போன பிறகு இன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

10, திங்கள்

வெயில். பாமாயில் வரவில்லை. நாளைக்கு வா என்றான்.

ரேஷன் வரிசையில் உன் கதைதான். எனக்கு வழி விட்டு முன்னால் நிற்கச் சொன்னார்கள். ஒருத்தி, அவன் கஞ்சா அடித்துவிட்டுத்தான் கிரேனில் ஏறினான் என்றாள். எனக்குப் பின்னால் நின்றவள் அது இல்லை என்றாள். உனக்கும் அவனுக்கும் முன்னாலேயே சண்டையாம், வேண்டுமென்றே விட்டானாம், போனில் வந்ததாம். இன்னொருத்தி, அவர்கள் பிள்ளை பிடிக்கிறார்கள், அவள் தங்கை ஊரில் ஒன்று நடந்தது என்றாள். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. தவறி நடந்தது என்று எழுதினார்களே ஆஸ்பத்திரியில், அந்த வார்த்தைதான் என்னைத் தின்கிறது. வேண்டுமென்றே செய்தான் என்றால் எனக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

வீட்டுக்கு வந்து மோட்டாரை நிறுத்தினேன். பின்னால் ரெண்டு ஷீட் ரூமில் இருக்கிற ஒரிசாப் பையன்களுக்குத் தண்ணீர் இல்லை. நீ பிடித்து வந்த குடித்தனம். வாடகை ஒழுங்காகத் தருவார்கள், சத்தம் போட மாட்டார்கள் என்றாய். கார்த்திக் பக்கெட்டோடு வந்து நின்றான். அவர்களில் தமிழ் பேசுகிறவன் அவன் ஒருத்தன்தான்.

"அம்மா, தண்ணி இல்ல."

"ஆமா. இல்ல."

பக்கெட்டைக் கை மாற்றிப் பிடித்தான். போய்விட்டான். ரோட்டுக் குழாயிலிருந்து தோளில் தூக்கி வந்தார்கள். கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்து பார்த்தேன். மோட்டார் ஓடவில்லை, கரண்டு மிச்சம்.

11, செவ்வாய்

பாமாயில் கிடைத்தது. முழங்கால் வலி. உன் அப்பா இறந்த வருஷமும் இப்படித்தான் வலித்தது.

பஜாரில் உன் பேனர் கட்டிவிட்டார்கள். என் தங்கையின் மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோ. கலர்ச் சட்டையை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் வெள்ளைச் சட்டை மாட்டியிருக்கிறார்கள். உன் படத்தைப் போல நாலு பங்கு பெரிதாகத் தலைவர் படம். "வடவனுக்குப் பலியான எங்கள் தம்பி." உன்னைத் தம்பி என்று கூப்பிடுகிற இத்தனை பேரில் ஒருத்தனையாவது உனக்குத் தெரியுமா? சும்மா கேட்டேன். பேனர் நன்றாகத்தான் இருக்கிறது.

12, புதன்

தலைவர் ஆபீசுக்கு முரளி பைக்கில் கூட்டிப் போனான். மேடையில் எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுக்க. டீ, வடை. ஏசி குளிர் தாங்கவில்லை.

நான் சொன்னேன், கம்பெனியில் கிரேனுக்கு லைசென்ஸ் இருக்கிறவனைத்தானே ஏற்ற வேண்டும், இவனை யார் ஏற்றினார்கள் என்று கேட்கிறேன் என்று. தலைவர் கண்ணை மூடித் திறந்தார். கம்பெனி பெயர் வேண்டாம், கேஸ் ஆகும் என்றார். லைசென்ஸ் கதையும் வேண்டாமாம், ஜனங்களுக்குப் புரியாதாம்.

"வடக்கன் என் புள்ளய முழுங்கிட்டான், நாளைக்கு உங்க புள்ளம்மா. இத மட்டும் சொல்லுங்க. சொல்லிட்டு அழுவுங்க."

அழுகை வரவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். சிரித்தார். மைக்கைப் பிடித்தால் தானாக வருமாம்.

சொல்லிப் பார்த்தேன். வடக்கன் என் புள்ளய முழுங்கிட்டான். வாய்க்கு நன்றாகப் பொருந்தியது. பைக்கில் வரும்போதும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் ஒன்று கண்டுபிடித்தேன். கார்த்திக் தினமும் ஒரு டிபன் கேரியரை சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறான். நைட் ஷிஃப்ட் அவனுக்கு இல்லை. இன்றைக்குப் பின்பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவர்கள் பாஷை. ஆனால் பப்லு என்றான். ஆரம்பாக்கம் என்றான். அந்த ஊர்ப் பெயர் எந்தப் பாஷையிலும் ஆரம்பாக்கம்தான்.

முரளிக்குப் போன் போட எடுத்தேன். வைத்துவிட்டேன். முதலில் நான் பார்க்க வேண்டும். அவர்கள் அடித்த பிறகு பார்த்தால் முகம் முகமாக இருக்காது.

13, வியாழன்

கத்தியைத் தீட்டினேன். கறி வெட்டுவது. உன் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. தெரியும்.

கார்த்திக்கிடம் சொன்னேன்: என்னைக் கூட்டிப் போ, இல்லாவிட்டால் முரளி வருவான். வெளுத்துப் போனான். ஷேர் ஆட்டோவில் இருவரும் எதிரும் புதிருமாக. அவன் மடியில் டிபன் கேரியர், என் மடியில் பை. ஆட்டோக்காரன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஆரம்பாக்கம் தாண்டி வயல். நாற்று நடுகிறவர்கள்கூட இப்போது அவர்கள் ஆட்கள்தான், வரிசையாகக் குனிந்து. வரப்பு முழுக்கச் சேறு. ஒரு மோட்டார் ஷெட்டில் இருந்தான்.

புஜ்ஜி, நான் நினைத்து வைத்தவன் வேறு. தலைமுடிக்குச் சாயம் அடித்து, காதில் கடுக்கன் போட்டு, கஞ்சாக் கண்ணோடு ஒரு பொறுக்கி. இருந்தவன் முன்தலை நரைத்த மனுஷன். பல் ஒன்று இல்லை. லுங்கி. யார் வந்திருப்பது என்று கார்த்திக் சொன்னதும் என் காலில் விழ வந்தான். காலை இழுத்துக்கொண்டேன்.

கத்தியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். என் பிள்ளை கை கீழே இருக்கும்போது ஏன் தூக்கினாய் என்று. அவன் கத்தியைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவன் பேசப் பேசக் கார்த்திக் சொன்னான். அவன் டிரைவர் இல்லையாம். தரை கூட்டுகிற ஹெல்பராம். டிரைவர் வெளியே போகும்போதெல்லாம் மேலே ஏறி உட்காருவானாம். எந்தக் கம்பியை இழுத்தால் ஏறும், எதை இழுத்தால் இறங்கும் என்று டிரைவரே காட்டிக் கொடுத்தாராம். அன்றைக்கும் டிரைவர் வேலைக்கு வந்ததாகக் கார்டு போட்டுவிட்டு, நீ ஏறு என்று சொல்லிவிட்டு, பைக்கில் கொடி கட்டிக்கொண்டு போய்விட்டாராம். ஏற மாட்டேன் என்றால் அடுத்த நாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்களாம்.

எந்த டிரைவர் என்று கேட்டேன். கார்த்திக் தரையைப் பார்த்தான்.

"முரளி பையா, அம்மா."

பொய் என்றேன். கத்தியை ஓங்கினேனா என்று நினைவில்லை. கார்த்திக் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பப்லு அசையவே இல்லை. போலீசில் வந்து இதைச் சொல் என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினான். ஸ்டேஷன் வாசலுக்குப் போகும் முன்பே முரளியின் ஆட்கள் தன்னை முடித்துவிடுவார்கள் என்கிறான் என்று கார்த்திக் சொன்னான்.

திரும்பும்போது செருப்பு சேற்றில் மாட்டி அறுந்தது. வெறுங்காலோடு வந்தேன்.

14, வெள்ளி

மழை இல்லை, புழுக்கம். முருங்கைக்கீரை வாங்கி ஆயாமல் வாடிவிட்டது.

பப்லு பொய் சொல்லலாம். மாட்டிக்கொண்டவன் யார் பெயரையாவது சொல்வான்.

முரளி லீவு என்றால் அண்ணியிடம் கேட்டால் தெரிந்துவிடும். கேட்டேன். போனில், வேறு பேச்சு பேசுகிற மாதிரி. அன்றைக்கு அவன் யூனிஃபார்ம் போட்டு, சாப்பாட்டுப் பை எடுத்துக்கொண்டுதான் போனான் என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கீரையில் பருப்பு போடு என்றாள்.

மோட்டார் போட்டேன். அவர்கள் மேல் இரக்கம் இல்லை. எனக்கும் தண்ணீர் வேண்டும்.

15, சனி

முரளி மீன்குழம்பு கொண்டுவந்தான். சாப்பிடு என்றேன். அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். முள்ளை எவ்வளவு பொறுமையாக எடுக்கிறான்.

அன்றைக்குக் கார்டு போட்டாயா என்று கேட்டேன்.

கை துடைத்த துண்டைக் கீழே வைத்தான். யார் சொன்னது என்றான். அவன் தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன். அவனே ஆரம்பித்தான்.

"எல்லாருந்தான் அத்தை கார்டு போட்டுட்டுப் போறாங்க. தலைவர் ஒரு போன் போட்டா சூப்பர்வைசரு உட்ருவாரு. மேல ஒரு இந்திக்காரன ஏத்திட்டா வேலையும் நிக்காது. இது இன்னா புதுசா?"

எங்கே போனாய் என்றேன். ஆர்ப்பாட்டமாம். வடக்கன் நம் வேலையைப் பிடுங்குகிறான் என்று.

"உன் சீட்ல நீயே அவன ஏத்திட்டு, என் சீட்ட புடுங்கிக்கினான்னு கத்தப் போனியா?"

வாசலைப் பார்த்தான். பின்னால் பையன்கள் துணி துவைக்கும் சத்தம். குரலை இறக்கினான். அத்தை, மேடையில் இதைப் பேசிவிடாதே, என்னை உள்ளே வைத்துவிடுவார்கள், அப்பாவுக்கு நெஞ்சுவலி தெரியுமே என்றான். அப்புறம் கிட்ட வந்து உட்கார்ந்தான்.

"பப்லு எங்க கீறான்னு உனக்குத் தெரியும். சொல்லு. இன்னிக்கே இத மூடிரலாம்."

மூடிரலாம். உன்னைக் குழியில் வைத்து மண் தள்ளும்போது மூடிரலாம் என்றார்களே, அதே குரல்.

அவன் போன பிறகு கார்த்திக்கைக் கூப்பிட்டுச் சொன்னேன், பப்லுவை அங்கிருந்து கிளப்பி வேறு எங்காவது ஒளித்து வை என்று. கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிடாதே என்றேன். பப்லுவை அடித்துப் போட்டால் கணக்கு அதோடு தீர்ந்துபோகும். முரளி அழுதுகொண்டே எனக்குக் குழம்பு கொண்டுவருவான், தலைவர் அடுத்த பேனர் அடிப்பார். அது நடக்கக் கூடாது. அதற்காகத்தான். பப்லுவை நான் விடவில்லை. தெரியாத வேலைக்கு ஏறினவன் அவனும்தான். அவன் முறை பிறகு.

குழம்பைச் சாக்கடையில் ஊற்றினேன்.

16, ஞாயிறு

காலை வெயில், மத்தியானம் மூட்டம். கார் அனுப்பினார்கள். நீலப் புடவை கட்டினேன். வெள்ளை கட்டச் சொன்னார்கள். கட்டவில்லை.

கிளம்பும்போது கார்த்திக் சொன்னான், பப்லு விடியற்காலையே கூடூர் போய் அங்கிருந்து ரயில் ஏறிவிட்டானாம். எங்காவது ஒளித்து வை என்றுதானே சொன்னேன், ஊருக்கு அனுப்பவா சொன்னேன். கையில் இருந்த ஒரே சாட்சி. கார்த்திக்கை ஒரு அறை விட்டேன். வாங்கிக்கொண்டான்.

கூட்டம் நிறைய. நாற்காலி போதவில்லை. முன்வரிசை முழுக்க யூனிஃபார்ம் சட்டை. நீலம், சாம்பல், உன் கம்பெனியின் காக்கி. ஷிஃப்ட் நேரம். அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளியிருந்தார்கள், நாடா வெளியே தெரிந்தது. தலைவர் ரொம்ப நேரம் பேசினார். ரயில் ரயிலாக வந்து இறங்குகிறார்களாம். நாளைக்கு நம் பிள்ளைகளுக்குச் சுடுகாட்டில்கூட இடம் இருக்காதாம். உன் பெயரை மூன்று இடத்தில் சொன்னார். ஒரு இடத்தில் தினேஷ் என்பதற்குப் பதில் கணேஷ் என்றார். யாரும் திருத்தவில்லை.

என் கையில் மைக் கொடுத்தார்கள். முரளி மேடைக்குக் கீழே, படிக்கட்டுப் பக்கம். கும்பிடுகிற மாதிரிக் கையை வைத்துக்கொண்டிருந்தான்.

நான் பேசியது நினைவிருக்கிறபடி எழுதுகிறேன்.

"என் புள்ளய கொன்னது யாருன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்றேன். கிரேன் ஓட்ட வேண்டியவன் கார்டு போட்டுட்டு, இதே மாதிரி ஒரு கூட்டத்துக்கு வந்துட்டான். என் அண்ணன் மகன் முரளி. அதோ நிக்கறான். அவன அனுப்பச் சொல்லி கம்பெனிக்குப் போன் போட்டது, தோ இங்க உக்காந்துக்கினு கீறாரே, தலைவரு. யூனிஃபார்ம் போட்டுக்கினு வந்துகீறீங்களே, இப்ப உங்க மிஷின்ல யாரு நிக்கறா? அது கீழ யார் புள்ள நிக்கறான்?"

அதற்குள் மைக் செத்துவிட்டது. கடைசி வார்த்தை முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். அவர்கள் கைதட்டவில்லை. இரண்டு பெண்கள் வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்கள், பாசமாகப் பிடிப்பது போல, நகம் பதிய.

தலைவர் எழுந்து வந்தார். மைக் உடனே வேலை செய்தது. அவர் கண்ணில் தண்ணீர், புஜ்ஜி. எனக்கு வராதது அவருக்கு வந்தது.

"பாருங்கய்யா. ஒரு தமிழ்த் தாயோட புத்தியையே கலக்கிட்டான் வடக்கன். பெத்த வயிறு சொந்த ரத்தத்தையே திட்டுது. இதுக்கு யாரு பதில் சொல்றது?"

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. நான் சொன்னதற்குக் கத்தாதவர்கள், அவர் என்னைப் பைத்தியம் என்றதற்குக் கத்தினார்கள். என்னைக் காரில் ஏற்றினார்கள். கண்ணாடி வழியே பார்த்தேன், காக்கிச் சட்டை இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு பைக்கை எடுத்துக் கம்பெனிப் பக்கம் போனார்கள். இரண்டு பேர். போதாது.

வீட்டுக்கு வந்தால் பின்னால் ஷீட்டை உடைத்திருந்தார்கள். கல். பையன்கள் யாரும் இல்லை. பாத்திரம் கிடக்கிறது. அடுப்பில் சோறு பாதி வெந்திருந்தது, இறக்கி வைத்தேன்.

நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். போலீஸ், கலெக்டர் ஆபீஸ், தொழிற்சாலைக்காரர்களை விசாரிக்கிற ஆபீஸ் எது உண்டோ அங்கே எல்லாம். முரளி பெயர், தலைவர் பெயர், சூப்பர்வைசர் பெயர். ஒருத்தனையும் விடுவதாக இல்லை. பைத்தியம் என்று எழுதிக்கொள்ளட்டும்.

விளக்கு வைக்கிற நேரம் முரளி வந்தான். பின்னால் அண்ணன், தெருவிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. முரளியின் சட்டை கிழிந்திருந்தது, யார் கிழித்தது என்று கேட்கவில்லை. அடிக்க வருகிறான் என்று நினைத்தேன். வாசல்படியில் உட்கார்ந்தான்.

எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். கொடு என்றான். கொடுத்தால் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது, அதையும் நீ கேட்டுக்கொள்ள வேண்டும் என்றான்.

"நானா போவல அத்தை. கிளம்பவா வேணாவான்னு அவனத்தான் கேட்டேன். நீ போ மச்சான், பப்லுவ வெச்சி நான் பாத்துக்கறேன்னான். புஜ்ஜிதான் என்ன அனுப்பினான்."

நீ பொய் சொல்கிறாய் என்றேன். சத்தியம் என்று தலையில் கை வைக்க வந்தான். தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அண்ணன் அவனைக் கூட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

பேனாவை வைத்துவிட்டு மறுபடி எடுக்கிறேன். அவன் பொய் சொல்கிறவன்தான். லீவு என்று சொன்னவன். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னவன். ஆனால் நீயும் யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன். அன்றைக்குக் கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்திருப்பாயே. கேபின் கண்ணாடியில் முகம் தெரியும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மேலே இருப்பது முரளி இல்லை என்று தெரிந்துதான் கை காட்டினாயா, புஜ்ஜி?